எமரன்சியின் பாட்டும் இறந்தவர்களின் கால் விரலும்

பாஸ் கித்தார் டல்மேதா செத்துப்போன அன்று, அவரைக் குளிப்பாட்டி, கல்யாணக் கோட்டை மாட்டி, நெஞ்சில் பாடுபட்ட சுரூபச் சிலுவையை வைத்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி இரண்டு கால் பெருவிரல்களையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டிப் பெட்டிக்குள் படுக்க வைத்திருந்தார்கள். அவரோடு காலமெல்லாம் ஒரே மேடையில் நின்ற பாட்டுக்காரி எமரன்சி மச்சாது, ஜெபமாலை முடிந்ததும் எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மனுசனுக்குப் பிடித்த பாட்டு இதுதான் என்று சொல்லி, மைக்கும் இல்லாமல் டிரம்ஸும் இல்லாமல், அவர் போட்ட மெட்டிலேயே ஒரு ஆட்டப் பாட்டைப் பாடினாள். இரண்டாவது சரணத்துக்கு வந்தபோது டல்மேதாவின் கட்டிய விரல்கள் இரண்டும் மேலே போய்க் கீழே வந்தன, மறுபடியும் மேலே போய்க் கீழே வந்தன, பாட்டு முடியும்வரை விடாமல் தாளம் போட்டுவிட்டுப் பாட்டோடு சேர்ந்து நின்றன.

யாரும் அலறவில்லை. "சேசு மரி சூசை" என்று யாரோ சொன்னதுகூடக் குழந்தை தும்மினால் சொல்வோமே, அந்த அளவுக்குத்தான். தெருமுனையிலிருந்து டாக்டரைக் கூப்பிட்டு வந்தார்கள். அவர் நாடி பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்தார், "ஆளு செத்தாச்சு, அதுல சந்தேகமே இல்ல, விரல் விசயம் என் படிப்புல வராது" என்று சொல்லிவிட்டு, பாதியில் விட்டு வந்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். டல்மேதாவின் பெண்டாட்டி தெக்லா மட்டும் கிட்டே போய்க் குனிந்து பார்த்து, "அடி ஒரு நூல் பிந்தி விழுது, பாத்தியளா? உயிரோட இருக்கையிலயும் இப்படித்தான். சோத்தப் போட்டு வச்சிட்டுக் கூப்பிட்டாலும் பிந்தித்தான் வருவாவ" என்று சொல்லி மூக்கைச் சிந்தினாள். மறுநாள் டீக்கடையில் பேச்செல்லாம் செத்தவர் எப்படித் தாளம் போட்டார் என்பதைப் பற்றி இல்லை, போட்ட தாளம் சரியா தப்பா என்பதைப் பற்றித்தான்.

எமரன்சி எப்படிப் பாட்டுக்காரி ஆனாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர் துறைமுக ஊர். வெங்காயமும் கருவாடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போன தோணிகள் திரும்பி வரும்போது சோப்பும் டார்ச் லைட்டும் கூடவே கொஞ்சம் இசைத்தட்டுகளும் கொண்டுவந்தன. அந்தத் தட்டுகளில் ஃபங்க், டிஸ்கோ என்று உறையில் அச்சடித்த கறுப்பு அமெரிக்கர்களின் பாட்டுகள் இருந்தன. பாஸ் கித்தார் முன்னால் நடக்கும், டிரம்ஸ் அதன் குதிகாலை மிதித்துக்கொண்டே பின்னால் வரும், நடுவில் ஒருத்தி கடன்காரனை விரட்டுகிற குரலில் பாடுவாள். டல்மேதா அவற்றைத் தேயத் தேயக் கேட்டு 'டல்மேதா பிரதர்ஸ்' என்று ஒரு குழு ஆரம்பித்தார். பெயர்தான் பிரதர்ஸ், அவருக்குக் கூடப் பிறந்தவர் ஒருத்தரும் கிடையாது. கோயில் பாட்டுக் குழுவில் பாடிக்கொண்டிருந்த எமரன்சி ஒருநாள் அவர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று முழுத் தட்டையும் கேட்டுவிட்டு, "மாமா, இது எனக்கும் வரும்" என்றாள். வந்தது. சும்மா சொல்லக் கூடாது, அப்படி வந்தது. இங்கிலீஷ் வார்த்தை வாயில் நுழையாததால் அவளே தமிழில் வார்த்தை போட்டாள்: தண்ணி லாரி வராத நாளைப் பற்றி ஒரு பாட்டு, ரேசன் மண்ணெண்ணெய் வரிசையைப் பற்றி ஒரு பாட்டு, கரண்டு போன புழுக்கத்தைப் பற்றி ஒரு பாட்டு. ஜிகினா வைத்த சட்டையும் பெல்பாட்டமும் போட்டுக்கொண்டு அவள் மேடையில் ஏறினால், துறைமுகம் தொடங்கி உப்பளம் வரைக்கும் ஜனம் திரண்டு வந்தது.

வந்த ஜனம் ஆடாது. அதுதான் எங்கள் ஊரின் தனிப் பழக்கம், வேறு எங்கேயும் நான் கேள்விப்பட்டதில்லை. ஆட்டப் பாட்டு என்றால் எங்களுக்கு உயிர், ஆனால் அதை ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டும், பெண்கள் தோளை முந்தானையால் மூடிக்கொண்டும் நாற்காலியில் உட்கார்ந்து, பிரசங்கம் கேட்பதைப் போல அசையாமல் கேட்போம், முடிந்ததும் கை தட்டுவோம், பாட்டில் எந்த வரி நன்றாக இருந்தது என்று பேசிக்கொண்டே வீட்டுக்குப் போவோம். கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தம்பி எவனாவது கொஞ்சம் இடுப்பை அசைத்தால், அவனுக்குப் பெண் கிடைப்பது கஷ்டம். எமரன்சி கொழும்புக்குக் கச்சேரிக்குப் போய்விட்டு வந்து, "அங்கன பாட்ட ஆரம்பிச்ச உடனே சனம் பூராவும் எந்திரிச்சு ஆடிட்டாவ" என்று சந்தோசமாகச் சொன்னபோது, நாங்கள் அவளுக்காக வருத்தப்பட்டோம். பாவம், பிள்ளையின் பாட்டை ஒழுங்காகக் கேட்கக்கூட ஆள் இல்லாத ஊர் போலிருக்கிறது என்று நினைத்தோம்.

ஆனால் எமரன்சிக்குக் கொழும்பும் வேண்டாம், கைதட்டும் வேண்டாம். ஒரே ஒரு ஆள் ஒரே ஒரு தடவை கேட்டால் போதும். அது அவளுடைய அக்கா பெர்பெத்தம்மாள். அம்மா இல்லாத வீட்டில் எமரன்சியை வளர்த்து ஆளாக்கினது அவள்தான். கல்யாணம் செய்துகொள்ளாமல், முதல் நற்கருணையான புதுநன்மை வாங்குகிற பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன் தைத்துக் கொடுத்துக் குடும்பத்தை ஓட்டினாள். மாதா சபைத் தலைவி. பாட்டுக் குழுவுக்கும் அவள்தான் மேற்பார்வை. அவள் நடந்து வந்தால் எங்கள் தெருப் பெண்கள் தானாகவே முந்தானையைச் சரிசெய்துகொள்வார்கள். தங்கச்சி மேடையேறின நாளிலிருந்து அவள் ஒரு கச்சேரிக்கும் போனதில்லை. எமரன்சி அடுப்படியில் பாடிப் பழக ஆரம்பித்தால், இவள் அறையில் தையல் மிஷினை மிதிக்க ஆரம்பிப்பாள், பாட்டு மேலே போனால் மிஷினும் வேகமாகப் போகும், பாட்டு நின்றால் மிஷினும் நிற்கும். மேடையில் பெல்பாட்டம் கிழிந்து வந்தால் மறுநாள் காலையில் அது தைத்து மடித்து இருக்கும். யார் தைத்தது என்று இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஊரெல்லாம் கொண்டாடிவிட்டு அனுப்பிய தங்கச்சி வாசலில் வந்து நின்றால், பெர்பெத்தம்மாள் கேட்பது "சாப்ட்டியா?" என்பது மட்டும்தான். அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி வராதா என்று எமரன்சி ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் செருப்பைக் கழற்றுவது போல வாசலிலேயே நிற்பாள்.

பிறகு காலம் மாறியது. ஒற்றை ஆள் ஒரு கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்து முழுக் குழுவின் சத்தத்தையும் அதிலேயே எழுப்பிவிட்டுப் போனான், டல்மேதா பிரதர்ஸுக்குக் கச்சேரி குறைந்தது, எமரன்சியின் ஜிகினாச் சட்டை பெட்டிக்குள் போனது. அந்த நேரத்தில்தான் டல்மேதா செத்தார், அவர் விரல் ஆடியது, எமரன்சிக்கு இரண்டாவது வாழ்வு வந்தது.

டல்மேதாவுக்கு அடுத்து ஹெட்மாஸ்டர் கற்வாலோ. வாழ்நாள் முழுவதும் சிரித்தறியாத மனிதர். எமரன்சி மண்ணெண்ணெய்ப் பாட்டைப் பாடினதும் அவருடைய விரல்கள் பிரம்பு அடிக்கிற வேகத்தில் துள்ளின, அடி வாங்கி வளர்ந்த ஆண்களெல்லாம் அதைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதார்கள். அடுத்து துறைமுகத் தொழிற்சங்கத் தலைவர். அவர் முதல் பாட்டுக்கு அசையவில்லை, கோரிக்கை எல்லாம் பேசி முடிந்த பிறகு இறங்கி வருகிற ஆள் அல்லவா, இரண்டாவது பாட்டுக்கு ஆடினார். மேலத் தெருவில் அம்மன் கோயில் கொடை நடத்துகிற குடும்பத்தாரும் கூப்பிட்டார்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் வேன் வைத்து அழைத்துப் போனார்கள். எமரன்சி பாடி ஆடாத விரல் இல்லை. கொஞ்ச நாளில் அது சாவுச் சடங்கில் ஒன்றாகி, பன்னீர் தெளிப்பதற்கும் பெட்டியை மூடுவதற்கும் நடுவில் தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டது. செத்தவர்களுக்கு வெள்ளை சாக்ஸ் போடுவதை எங்கள் ஆட்கள் விட்டுவிட்டார்கள், பெட்டி செய்கிறவர் கால் பக்கம் தனியாகத் திறக்கிற மாதிரி மூடி வைத்தார், விரல் கட்டுகிற துணியை எவ்வளவு இறுக்கலாம் என்பதில் ஒவ்வொரு தெருவும் ஒவ்வொரு கட்சி. பங்குச் சாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைப் பற்றிப் பேசினார். இது உயிர்த்தெழுதலும் இல்லை, பேய் வேலையும் இல்லை, எதுவாக இருந்தாலும் பூசை மணி அடிப்பதற்குள் முடித்துக்கொள்ளுங்கள் என்றார். நியாயமான பேச்சு என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

நன்றாகச் செத்தவன் என்பதற்கு எங்கள் ஊரில் அதுவரை ஆயிரம் அர்த்தம் இருந்தது. அதற்குப் பின் ஒன்றுதான். "அப்பாவுக்கு எப்படி ஆடிச்சு?" என்று துக்கம் கேட்க வருகிறவர்கள் கேட்டார்கள். யாருக்குப் பாட்டில் ரொம்ப ஆசையோ அவர்களுக்கு விரல் நன்றாக ஆடும் என்று ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. அதனால் வயசானவர்கள் எமரன்சியின் பழைய கேசட்டுகளைத் தேடி வாங்கி, டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தைப் போலக் காலையும் மாலையும் கேட்டார்கள், கையைக் கட்டிக்கொண்டு, அசையாமல், மிகுந்த கவனத்தோடு.

அப்புறம்தான் ஊரின் கண் பெர்பெத்தம்மாளின் கால் பக்கம் திரும்பியது. அவளுக்கு நீர் கோத்துக் கால் வீங்கியிருந்தது, இதயம் பலவீனம் என்று சொல்லியிருந்தார்கள், இனி அதிக நாள் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். கேட்கவே மாட்டேன் என்று இத்தனை வருசம் வைராக்கியமாக இருந்தவளின் விரல் தங்கச்சி பாட்டுக்கு ஆடுமா, ஆடாதா? டீக்கடையில் பந்தயம் கட்டாத குறை. "ஆடும் வே, ரத்தம் ஆடாம எங்க போவும்" என்றது ஒரு கட்சி. "அவளா? மாதாவே எறங்கி வந்து பாடுனாலும் ஆட மாட்டா" என்றது இன்னொன்று. இதெல்லாம் கெட்ட மனசினால் இல்லை. இரண்டு பேர் மேலும் எங்களுக்குப் பிரியம் இருந்தது, அதனால்தான் இவ்வளவு ஆர்வம்.

அப்படியிருக்கும்போது ஒரு மத்தியானம் நடந்ததை இப்போது எங்கள் ஊரில் எல்லோரும் நேரில் பார்த்ததைப் போலச் சொல்லுவோம். அன்றைக்கு அது அக்கா தங்கச்சி இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

பெர்பெத்தம்மாள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். எமரன்சி கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஏட்டி எமரி, சன்னல அடை."

"காத்து வராதேக்கா."

"வராட்டா போட்டும். அடை. கதவயும் சாத்து."

எமரன்சி சாத்திவிட்டு வந்தாள்.

"ஊருல என்ன பேசுதாவன்னு ஒனக்குத் தெரியுமா? எங் காலப் பத்திப் பேசுதாவ. டீக்கடையில உக்காந்து எங் காலப் பத்திப் பேசுதாவ! நாளைக்கு என்னயப் படுக்க வச்சிட்டு நீ பாட, ஊரு முழுக்கக் குனிஞ்சு பாக்கும். ஆடுனா எனக்கு அசிங்கம், ஆடாட்டா ஒனக்கு அசிங்கம்."

"நா பாடவே மாட்டேங்கா. போதுமா?"

"பாடாட்டா, அக்காளுக்குப் பாடப் பயந்துட்டான்னு சொல்லுவாவ. நா யோசிச்சிட்டேன். இப்பப் பாடு."

"என்னது?"

"காது கேக்கலயா? செத்த பொறவு எங் காலு என்ன செய்யும்னு எனக்குத் தெரியப் போறதில்ல. எனக்குத் தெரியணும்ட்டி. அந்தத் தண்ணி லாரி பாட்டு. அதுல ரெண்டாவது சரணத்துல ஒரு எடத்துல விக்குன மாதிரி நிறுத்தி நிறுத்திப் பாடுவல்லா, அங்கன இருந்து ஆரம்பி. மெதுவா. வெளிய கேக்கப்பிடாது."

எமரன்சி கிண்ணத்தை மேசையில் வைத்தாள். இத்தனை வருசம் மிஷின் சத்தத்துக்கு அந்தப் பக்கம் அக்கா ஒரு வரி விடாமல் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்ததும் அவளுக்கு ஒரே நேரத்தில் ஆத்திரமும் அழுகையும் வந்தது, "இத முன்னாலயே சொல்லித் தொலச்சா என்னக்கா" என்று கத்தத் தோன்றியது. கத்தவில்லை. மேசையில் விரலால் தட்டிக்கொண்டு, தொண்டையை அடக்கிக்கொண்டு பாடினாள்.

பெர்பெத்தம்மாள் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெருவிரல் அசைந்தது, பிறகு பாதம், பிறகு முழங்கால். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். முதலில் எந்தக் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் வழுக்குத் தரையில் நடப்பவளைப் போலத் தடுமாறினாள், பிறகு கம்பியை விட்டாள், பிறகு கொண்டை அவிழ்ந்தது, பிறகு வீங்கின காலும் பெருத்த இடுப்பும் கழுத்தில் மாதா உத்தரியக் கயிறுமாக, தையல் துணிகளுக்கும் மாதா படத்துக்கும் நடுவில், அந்தச் சின்ன அறையில், அவள் ஆடினாள். தண்ணி லாரி முடிந்ததும் மண்ணெண்ணெயைப் பாடச் சொன்னாள், அது முடிந்ததும் கரண்டுப் பாட்டைப் பாடச் சொன்னாள், "வேகமா, இன்னும் வேகமா" என்றாள். எமரன்சி அழுதுகொண்டே பாடினாள். தன்னுடைய எந்தக் கச்சேரியிலும் அவள் அவ்வளவு சந்தோசமாக இருந்ததில்லை.

மூச்சு வாங்கக் கட்டிலில் உட்கார்ந்த பெர்பெத்தம்மாள் சிரித்தாள். "மேலெல்லாம் வேர்த்துட்டு. ஏட்டி, இது பாவமா?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்?"

"எனக்குப் பாவமாத் தெரியல."  பிறகு சிரிப்பு போய், தங்கச்சியின் கையைப் பிடித்தாள். "யார்ட்டயும் சொல்லப்பிடாது. மாதா மேல சத்தியம் பண்ணு."

"ஏங்கா? ஆடுனதுல என்ன இருக்கு?"

"ஜெசிந்தாவ ஞாபகம் இருக்கா? அவ அண்ணன் கல்யாணத்துல ரெண்டு எட்டு ஆடிட்டான்னு பாட்டுக் குழுவ விட்டு வெளிய தள்ளினேன். சின்னப் பிள்ள. என்ன குரலு அவளுக்கு! அழுதுக்கிட்டே கோயில் வாசல்ல நின்னா, நா திரும்பிப் பாக்கல. இப்ப நா ஆடுனேன்னு தெரிஞ்சா அவளுக்கு நா என்ன பதில் சொல்ல?"

"கூப்பிட்டு விடட்டா? நேர்லயே சொல்லிருங்க."

"எனக்குத் தைரியம் இல்லட்டி. நீ சத்தியம் பண்ணு."

எமரன்சி சத்தியம் செய்தாள்.

அடுத்த வாரம் பெர்பெத்தம்மாள் செத்துப்போனாள். எங்கள் ஊரில் அப்படி ஒரு கூட்டம் சப்பரத்துக்குக்கூடக் கூடினதில்லை. கடைகள் அடைத்தாயிற்று, மாடியிலெல்லாம் ஆள், சாமியார் தாமே பூசை நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். காலில் சாக்ஸ் இல்லை, கால் பக்கத்து மூடி திறந்திருந்தது. எமரன்சி வந்து நின்று தண்ணி லாரியைப் பாடினாள். விரல் அசையவில்லை. மண்ணெண்ணெயைப் பாடினாள். அசையவில்லை. "கட்டு இறுக்கமா இருக்கும், தளத்திப் பாருங்க" என்று யாரோ சொல்ல, தெக்லா குனிந்து துணியைத் தளர்த்திவிட்டாள். கரண்டுப் பாட்டு முடிந்தது. பெர்பெத்தம்மாளின் விரல்கள் கல்லறையில் வைக்கிற, சிறகு முளைத்த கல் சம்மனசின் விரல்களைப் போல அப்படியே இருந்தன.

"பாத்தியளா வைராக்கியத்த?" என்றார் ஒருவர். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஜெசிந்தா, அப்போது அவள் கல்யாண வயசில் பெண் வைத்திருந்த தாய், "உயிரோட இருக்கையிலயும் கல்லு, செத்தும் கல்லு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். எமரன்சியைப் பார்த்தால், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் ஒரு பக்கம் ஒழுக, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், துக்கத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்று நாங்கள் பயந்தோம். அவளுக்கு அந்த நேரத்தில்தான் விளங்கியிருந்தது. விரலுக்குள் தங்கிப் போனது எதுவோ அதுதான் பாட்டுக்கு ஆடுகிறது; தன் அக்கா எதையும் மிச்சம் வைக்காமல் ஆடி முடித்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அன்றைக்கு விழுந்தது அவளுடைய தொழில். கூடப் பிறந்தவளுக்கே ஆடவில்லையே, நம் அப்பாவுக்கு ஆடாமல் போய்விட்டால் ஊர் முன்னால் எப்படித் தலை நிமிர்வது என்று பயந்து ஒருத்தரும் அவளைக் கூப்பிடவில்லை. செத்தவர்களுக்குப் பழையபடி சாக்ஸ் வந்தது. குழுவில் மிச்சமிருந்த கித்தார்க்காரன் வெளியூர் போனான், டிரம்ஸ்காரன் ஆட்டோ ஓட்டப் போனான். எமரன்சி அக்காவின் மிஷினில் உட்கார்ந்து புதுநன்மைக் கவுன் தைத்தாள். சாயங்காலம் மாதா சிலை வைத்த குகைக் கெபிக்குப் போய் முழங்காலில் நிற்பாள். அக்கா மன்னிக்கவில்லை என்ற வேதனையில் ஜெபிக்கிறாள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அவள் அந்தச் சத்தியத்திலிருந்து தன்னை அவிழ்த்துவிடச் சொல்லித்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். மாதாவும் அவிழ்த்துவிடவில்லை.

அவளைத் தேடி வந்த ஒரே ஆள் ஜெசிந்தா.

"எக்கா, எம் மகளுக்குக் கல்யாணம். நீங்கதான் பாடணும்."

"என்னயவா? ஊருல கீபோர்டு இருக்கேட்டி."

"ஒங்க அக்கா என்னயக் குழுவ விட்டு வெளிய தள்ளுனா. செத்து ஒங்களயும் கவுத்துட்டுப் போயிட்டா. நம்ம ரெண்டு பேருக்கும் கெடுதல் பண்ணது ஒரே ஆளுதான். அதுக்காவது நீங்க பாடணும்."

எமரன்சி நூலை ஊசியில் கோத்தாள். "வாரேன்" என்றாள்.

கல்யாண மண்டபத்தில் ஜிகினாச் சட்டையோடு மேடையேறி, மைக்கைக் கையில் எடுத்துவிட்டு அவள் எங்களைப் பார்த்தாள். நாங்கள் வழக்கம்போல ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டும், பெண்கள் முந்தானையை இழுத்துக்கொண்டும் உட்கார்ந்திருந்தோம்.

"எந்திரிங்க" என்றாள் எமரன்சி. "ஆடுனாத்தான் பாடுவேன்."

மண்டபம் திகைத்துப் போய்விட்டது. செத்தவர் விரல் ஆடினபோதுகூட நாங்கள் இப்படித் திகைக்கவில்லை. பலசரக்குக் கடை மிக்கேல் அண்ணாச்சி, வாழ்நாளெல்லாம் கல்லாவில் உட்கார்ந்தே பெருத்த மனிதர், எல்லோருக்கும் சேர்த்துக் கேட்டார்: "நல்லாருக்கே கத! நாங்க ஆடப் போயிட்டா பாட்ட எவன் கேக்கது?"

"காலு கேக்கும் அண்ணாச்சி."

யாரும் அசையவில்லை. அவளும் பாடவில்லை. பிரியாணி ஆறுகிறது என்று சமையல்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் பெண்ணின் தாய் ஜெசிந்தாவே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "ஒருக்க ஆடுனதுக்குத்தான் தண்டன வாங்கியாச்சே, இன்னொருக்க ஆடுனா என்ன ஆயிரப் போவுது" என்று சொல்லிப் பட்டுச்சேலையை இடுப்பில் செருகினாள். எமரன்சி தண்ணி லாரியை எடுத்தாள். ஜெசிந்தா தனியாக ஆடியது ஒரு சரணம்தான். பிறகு மகள், பிறகு மாப்பிள்ளையின் அத்தைமார், பிறகு தெக்லா, அப்புறம் யார் எப்போது எழுந்தார்கள் என்று எங்களுக்கே தெரியாது. மிக்கேல் அண்ணாச்சி சட்டைப் பொத்தான் தெறிக்க ஆடினார். அவர் பெண்டாட்டி செபஸ்தி முகத்தை மூடிக்கொண்டு, விரலிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தரும் பாட்டை ஒழுங்காகக் கேட்கவில்லை.

தவக்காலத்துக்கு முன்னால் மிக்கேல் அண்ணாச்சி செத்துப்போனார். அந்தக் கல்யாணத்தில் அவர் ஆடின ஆட்டத்தைப் பார்த்தவர்கள், இவர் விரல் ஆடாவிட்டால் வேறு எவர் விரல் ஆடும் என்று செபஸ்திக்குத் தைரியம் சொல்ல, சாக்ஸ் கழற்றப்பட்டது, எமரன்சி வந்தாள், பாடினாள். விரல் அசையவில்லை. இன்னொன்று பாடினாள். அசையவில்லை.

செபஸ்திக்கு முதலில் கோபம்தான் வந்தது. "எப்படி ஆடுன மனுசன்! மண்டபமே அதிரும்படி ஆடுனாவளே, இப்ப என்ன கேடு வந்துட்டு?" என்று பெட்டியைத் தட்டினாள். தட்டின கை அப்படியே நின்றது. "அன்னைக்கே ஆடித் தீத்துட்டாவளோ" என்றாள் மெதுவாக.

 தெக்லா யோசித்து யோசித்துச் சொன்னாள்: "எங்க வீட்டு ஆளு காலமெல்லாம் கித்தாரப் பிடிச்சிக்கிட்டு கம்பம் மாதிரி நின்னாவ. ஒருநாளும் ஆடல. ஹெட்மாஸ்டரு ஆடல. சங்கத் தலைவரு ஆடல. ஆடாதவியளுக்குல்லா விரலு ஆடிருக்கு."

"அப்ப…" என்று யாரோ ஆரம்பித்தார்கள். "அப்ப பெர்பெத்தக்கா?"

எல்லோரும் எமரன்சியைத் திரும்பிப் பார்த்தோம். அவள் குனிந்து மைக் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஏற்கனவே சுற்றி முடித்த ஒயரை அவிழ்த்து மறுபடி சுற்றினாள்.

"நா ஒண்ணும் சொல்லல" என்றாள். "யாரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்காதிய."

ஜெசிந்தா கிட்டே வந்து அவள் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள்.  பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது, சாவு வீடு என்று வாயைப் பொத்தினாலும் நிற்காத சிரிப்பு, "ஆடிட்டாளா, பாதகத்தி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்து, அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று கிட்டே நின்றவர்களுக்கும் தெரியவில்லை. அதற்குள் மணி அடித்துவிட்டது. பெட்டியைத் தூக்கினோம்.

கல்லறைத் தோட்டத்தில் மிக்கேல் அண்ணாச்சிக்கு மண் போட்டுவிட்டு எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினபோது, ஜெசிந்தா மட்டும் வேலியோரமாக நடந்து பெர்பெத்தம்மாளின் குழிக்குப் போனாள். கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, சிலுவையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னயும் கூப்பிட்டிருக்கலாம்லா" என்றாள்.